எல்லா வைரஸும் பூச்சி மேல் ஏறுவதில்லை

பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் தக்காளியும் மரவள்ளியும் பயிரிடும் ஒருவர் மூன்று கேள்விகளைச் சேர்த்துக் கேட்டிருக்கிறார். வாரம் தவறாமல் மருந்து அடித்தும் தோட்டத்தில் வைரஸ் பரவுவது ஏன்? சில வைரஸ் ரகங்களைப் பூச்சியால் பரப்பவே முடியாது என்கிறார்களே, அது எப்படி? அப்படி ஒன்று உண்மையிலேயே இருந்தால், அதையே தடுப்பூசி போலச் செடிக்கு ஏற்றிவிட்டால் என்ன, நோயுற்ற செடியின் சாற்றை எடுத்து நாற்றில் தேய்த்துப் பார்க்கலாமா?

நடுவில் இருக்கும் கேள்விக்கு விடை தெரிந்தால் மற்ற இரண்டும் தாமாக அவிழும். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

பூச்சி நோயுற்ற செடியின் சாற்றை உறிஞ்சுகிறது, அடுத்த செடியைக் குத்தும்போது அந்தச் சாற்றில் கொஞ்சம் உள்ளே போகிறது, நோய் வந்துவிடுகிறது என்றுதான் பெரும்பாலானவர்கள் நினைக்கிறார்கள். இது உண்மையாக இருந்தால் சாறு உறிஞ்சும் எந்தப் பூச்சியும் எந்த வைரஸையும் பரப்ப வேண்டும். அப்படி நடப்பதில்லை. புகையிலைத் தேமல் வைரஸை எடுத்துக்கொள்ளுங்கள். நோயுற்ற இலையில் அது கணக்கில்லாமல் நிறைந்திருக்கும். பீடி பிடித்த விரலில் ஒட்டி, நாற்றுப் பிடுங்கும் கையில் ஒட்டி, வேட்டி ஓரத்தில் ஒட்டிக்கூடப் பரவும். காய்ந்த இலைத்தூளிலும் ஆண்டுக்கணக்கில் கெடாமல் இருக்கும். ஆனால் அதே இலையில் நாள் முழுக்க உட்கார்ந்து சாறு குடிக்கும் அசுவினி அதைப் பக்கத்துச் செடிக்குக் கொண்டுபோவதில்லை. அசுவினியின் வாய்க்குள் வைரஸ் போகாமல் இல்லை. போகிறது, ஆனால் அங்கே பற்றிக்கொள்ள அதற்கு வழியில்லை. பூச்சி வழியாகப் பரவுவது என்பது வைரஸின் மேலுறைக்கும் பூச்சியின் உடம்புக்கும் இடையே உள்ள பொருத்தம். அந்தப் பொருத்தம் அணு அளவில் பிசகினாலும் வண்டி ஓடாது.

பப்பாளியில் வரும் வளையப்புள்ளி வைரஸைப் பாருங்கள். "என் பப்பாளியில் ஒரு அசுவினிகூட இல்லை, பிறகு எப்படி நோய் வந்தது?" என்று தருமபுரி, அரூர் பக்கத்தில் பலர் கேட்பதுண்டு. அசுவினி பப்பாளியில் குடியிருந்து பெருகுவதில்லை என்பது சரிதான். தட்டைப்பயறிலிருந்தோ வரப்போரக் களையிலிருந்தோ இறக்கை முளைத்துக் கிளம்பிய அசுவினி வழியில் பப்பாளி இலையில் இறங்குகிறது. இது தனக்குத் தோதான செடியா என்று அதற்குக் கண்ணால் தெரியாது; குத்திப் பார்த்தால்தான் தெரியும். தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய குத்தூசியை இலையின் மேல்தோலுக்குள் இறக்கி, ஒரே ஒரு செல்லின் சாற்றை ருசி பார்க்கிறது. பிடிக்கவில்லை, எழுந்து அடுத்த செடிக்குப் போய்விடுகிறது. இவ்வளவும் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். வைரஸ் ஏறுவதற்கும் அடுத்த செடியில் இறங்குவதற்கும் அந்தச் சில விநாடிகளே போதும்.

இங்கே வைரஸ் அசுவினியின் வயிற்றுக்குள் போய் வேலை செய்வதில்லை. குத்தூசியின் நுனியிலேயே ஒட்டிக்கொள்கிறது. ஆனால் இந்தக் குடும்பத்து வைரஸ்களால் நேரடியாக ஒட்ட முடியாது. நோயுற்ற செடிக்குள் வைரஸ் தயாரிக்கும் துணைப்புரதம் ஒன்று தேவை. அந்தப் புரதம் ஒரு பக்கத்தில் ஊசியையும் மறுபக்கத்தில் வைரஸின் உறையையும் பிடித்துக்கொள்கிறது. வைரஸ் ஒரு நீண்ட இழை. ஒரே புரதத்தின் ஏறத்தாழ 2,000 பிரதிகள் அடுக்கி வைக்கப்பட்டதுதான் அதன் உறை. அந்த உறைப்புரதத்தின் முனைப்பகுதியில் ஆஸ்பார்டிக் அமிலம், அலனின், கிளைசின் என்று மூன்று அமினோ அமிலங்கள் வரிசையாக நிற்கின்றன. துணைப்புரதம் பிடிப்பது இந்த மூன்றை வைத்துத்தான். மூன்றில் ஒன்று மாறினாலும் பிடி நழுவிவிடும். அத்தகைய ரகம் செடிக்குள் வழக்கம்போலப் பெருகும், இலையைச் சுருக்கும், காயைக் கெடுக்கும். கையால் சாறெடுத்து அடுத்த செடியில் தேய்த்தால் தொற்றவும் செய்யும். அசுவினியால் மட்டும் பரவாது.

பழுது உறையில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, துணைப்புரதத்திலும் இருக்கலாம். 1970-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தில் கஸானிஸ், கோவியர் என்ற இருவர் செய்த சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. உருளைக்கிழங்கில் ஒய் வைரஸ் அசுவினியால் பரவும். அதன் உறவான சி வைரஸ் பரவாது. இவர்கள் அசுவினியை முதலில் ஒய் வைரஸ் உள்ள செடியில் சற்று நேரம் விட்டார்கள், பிறகு சி வைரஸ் உள்ள செடியில் விட்டார்கள், அதன்பின் நல்ல செடிக்கு மாற்றினார்கள். பரவவே பரவாது என்று எழுதி வைத்திருந்த சி வைரஸ் அந்த நல்ல செடியில் வந்துவிட்டது! ஒய் வைரஸ் உள்ள செடியில் இருந்த துணைப்புரதம் ஊசியில் ஏற்கெனவே ஒட்டியிருக்க, பின்னால் வந்த சி வைரஸ் அதைப் பிடித்துக்கொண்டு பயணம் செய்துவிட்டது. துணைப்புரதம் என்ற ஒன்று இருப்பதே இந்த வகைச் சோதனைகளால்தான் உறுதியானது. இந்தச் சோதனையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், தடுப்பூசிக் கேள்விக்கு வரும்போது தேவைப்படும்.

நெல்லில் இதையே இரண்டு தனி வைரஸ்கள் கூட்டுச் சேர்ந்து செய்கின்றன. துங்ரோ நோயில் செடியை மஞ்சளாக்கிக் குட்டையாக்குவது பெரும்பாலும் ஒரு வைரஸின் வேலை. பச்சைத் தத்துப்பூச்சியில் ஏறத் தெரிந்தது இன்னொன்று. முதல் வைரஸ் தனியாக இருந்தால் தத்துப்பூச்சியால் பரவாது. இரண்டாவது துணைக்கு இருந்தால்தான் பரவும்.

தக்காளி இலைச்சுருட்டைக்கு வருவோம். இதைப் பரப்புவது வெள்ளை ஈ, அதன் வழி முற்றிலும் வேறு. வைரஸ் ஊசி நுனியில் தங்காது. சாற்றோடு குடலுக்குள் போய், குடல் சுவரைக் கடந்து, பூச்சியின் இரத்தத்தில் மிதந்து, உமிழ்நீர்ச் சுரப்பிக்குள் நுழைந்து, அங்கிருந்து உமிழ்நீரோடு வெளியே வந்தால்தான் அடுத்த செடியைத் தொட முடியும். ராயக்கோட்டை மண்டியிலிருந்து கிளம்பும் தக்காளி லாரி வழியில் ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் காகிதத்தைக் காட்டித்தான் நகர முடியும் என்பதுபோல, ஒவ்வொரு தடுப்பிலும் வைரஸின் உறையைப் பூச்சியின் செல்கள் அடையாளம் கண்டு வழிவிட வேண்டும். இடையில், வெள்ளை ஈயின் உடம்பில் குடியிருக்கும் பாக்டீரியா சுரக்கும் ஒரு புரதம் வைரஸோடு ஒட்டி அதைச் சிதையாமல் காக்கிறது என்றுகூடக் கண்டிருக்கிறார்கள். இந்தச் சுற்றுக்குப் பல மணி நேரம் ஆகும். குடித்த உடனே எந்த வெள்ளை ஈயும் நோயைப் பரப்புவதில்லை. ஆனால் ஒருமுறை சுற்று முடிந்துவிட்டால் பல நாள், சில நேரங்களில் தன் ஆயுள் முழுக்கப் பரப்பிக்கொண்டே இருக்கும்.

குடல் சுவர் உண்மையிலேயே ஒரு தடுப்புதான் என்பதை 1930-களிலேயே காட்டிவிட்டார்கள். கிழக்கு ஆப்பிரிக்காவின் அமானி ஆராய்ச்சி நிலையத்தில் ஸ்டோரி என்பவர் மக்காச்சோளக் கோடு நோயைப் பரப்பும் தத்துப்பூச்சியை ஆராய்ந்தார். ஒரே இனப் பூச்சியில் சில பரப்பின, சில பரப்பவில்லை. அந்தக் குணம் தாய் தந்தை வழியே பிள்ளைகளுக்கு வந்தது. பரப்பாத பூச்சிகளின் வயிற்றை மெல்லிய ஊசியால் குத்திக் குடலில் ஓட்டை போட்டார். அவையும் பரப்பத் தொடங்கிவிட்டன. மூலக்கூறு உயிரியல் என்ற சொல்லே புழக்கத்துக்கு வராத நாளில், ஒரு குண்டூசி வேலையில் இவ்வளவு பெரிய விஷயத்தைத் தெளிவாக்கியது இன்றைக்கும் வியப்பாக இருக்கிறது.

உறையை மாற்றினால் பூச்சியே மாறிவிடும் என்பதற்கு 1990-ல் ஒரு சான்று கிடைத்தது. ஆப்பிரிக்க மரவள்ளித் தேமல் வைரஸ் வெள்ளை ஈயில் போகும் வைரஸ். அதன் உறைக்கான மரபணுவை நீக்கிவிட்டு, தத்துப்பூச்சியில் போகும் பீட்ரூட் சுருட்டை வைரஸின் உறை மரபணுவை வைத்தார்கள். அந்தக் கலப்பு வைரஸைத் தத்துப்பூச்சியின் உடம்பில் செலுத்தியபோது, தத்துப்பூச்சி அதைச் செடிக்குக் கடத்தியது. உள்ளே இருக்கும் சரக்கு மரவள்ளி வைரஸுடையதுதான். மேலே போர்த்தியதை மாற்றியதும் அது ஏறும் வண்டி மாறிவிட்டது.

பூச்சிப் பக்கமும் இதே கதைதான். வெள்ளை ஈ என்று நாம் ஒரே பெயரில் அழைத்தாலும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும் பல வகைகள் அதற்குள் உண்டு. நம் எல்லைக்கு அப்பால் கோலார் பகுதியில் 1999-ல் 'பி' என்று அழைக்கப்படும் வெளிநாட்டு வகை கண்டறியப்பட்டது. தக்காளியில் அது நம் நாட்டு வகைகளைவிட வேகமாகப் பெருகக்கூடியது. அந்தச் சமயத்தில் அங்கே இலைச்சுருட்டை கடுமையாக அடித்தது. கோலாருக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவே மாநில எல்லை இருக்கிறது என்பது வெள்ளை ஈக்குத் தெரியாது. அதே சமயம் மரவள்ளித் தேமலைப் பரப்புவதில் அந்த வெளிநாட்டு வகை மந்தம். ஆசியாவுக்கே உரிய ஒரு வகை கெட்டிக்காரத்தனமாகப் பரப்புகிறது. ஆகவே "வெள்ளை ஈ நிறைய இருந்தது, நோய் குறைவாக இருந்தது" என்றோ, அதற்கு நேர்மாறாகவோ யாராவது சொன்னால் அவர் பொய் சொல்கிறார் என்று நினைக்க வேண்டாம்.

இலைப்பேன் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தக்காளியில் கொழுந்து வெண்கல நிறமாகிக் கருகுவதும், பழத்தில் வளையம் வளையமாக மஞ்சள் தடம் விழுவதும் பெரும்பாலும் நிலக்கடலை மொட்டுக் கருகல் வைரஸால். இதை இலைப்பேன் தன் குஞ்சுப் பருவத்தில் மட்டுமே பிடிக்க முடியும். வளர்ந்தபின் நோயுற்ற செடியில் எவ்வளவு குடித்தாலும் அது பரப்பும் பூச்சியாக மாறாது. குஞ்சில் பிடித்த வைரஸ் பூச்சிக்குள்ளேயே பெருகி, இறக்கை முளைத்தபின் பரவுகிறது. இதன் உறவினரான தக்காளிப் புள்ளிவாடல் வைரஸை ஆய்வகத்தில் பூச்சியே இல்லாமல், சாறு தேய்த்துத் தேய்த்தே செடியிலிருந்து செடிக்கு மாற்றிக்கொண்டு வந்தபோது, இலைப்பேனால் பரப்ப முடியாத ரகங்கள் தோன்றின. மேலுறையில் துருத்தி நிற்கும் புரதத்தில் நேர்ந்த ஒரு மாற்றமே அதற்குப் போதுமானதாக இருந்தது.

என் பதிலின் மையம் இதுதான். பரவாத ரகம் எப்படிப் பிழைத்திருக்கிறது? பூச்சியை நம்பியே பரவும் வைரஸில், பூச்சியில் ஏறத் தெரியாத ரகம் காட்டில் அந்தச் செடியோடு செத்துவிட வேண்டியதுதானே? ஆம், காட்டில் செத்துவிடும். இப்படிப்பட்ட ரகங்களில் நமக்குத் தெரியவந்தவை பெரும்பாலும் மனிதன் கையில் வளர்ந்தவை. பூச்சிக்குப் பதிலாக யாரோ ஒருவர் அதைச் சுமந்திருக்கிறார்.

துத்திக்கீரைக்கு உறவான ஒரு அழகுச்செடி உண்டு. இலை முழுக்க மஞ்சளும் பச்சையும் கட்டம் கட்டமாக இருக்கும், பார்க்க அழகு. அந்த அழகே ஒரு வைரஸால் வந்தது. 1868-ல் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து இங்கிலாந்துக்கு வந்த அந்தச் செடியைப் பிடித்துப்போய், குச்சி வெட்டி வெட்டிப் பதியம் போட்டு உலகெங்கும் பரப்பினார்கள். வைரஸுக்கு வெள்ளை ஈயின் தேவையே இல்லாமல் போயிற்று. தேவையில்லாத திறனில் பழுது விழுந்தால் அதைக் கழித்துக்கட்ட யாரும் இல்லை. இன்று அந்த வைரஸ் வெள்ளை ஈயின் குடல்வரை போகிறது, சுவரைத் தாண்ட முடியவில்லை. ஆராய்ச்சியாளர்கள் அதன் உறைப்புரதத்தில் மூன்றே இடங்களில் அமினோ அமிலங்களை மாற்றிப் பார்த்தார்கள். மறுபடி வெள்ளை ஈயில் ஏறிவிட்டது. நூற்றாண்டுக்கு மேலான சுகவாசத்தில் அது இழந்தது அவ்வளவுதான்.

அமெரிக்காவில் லிண்ட்சே பிளாக் என்பவர் ஆராய்ந்த காயக்கட்டி வைரஸ் இன்னும் தூரம் போனது. தத்துப்பூச்சியைத் தொடவிடாமல் பல ஆண்டுகள் செடித்துண்டு வழியாகவே வளர்த்ததில், அதன் 12 மரபுத் துண்டுகளில் சிலவற்றின் பகுதிகளே காணாமல் போயின. அதன்பின் பூச்சியால் அதைச் சுமக்க முடியவில்லை.

இப்போது உங்கள் மரவள்ளியைப் பாருங்கள். அதுவும் குச்சி வெட்டி நடும் பயிர்தான். போன பட்டத்துச் செடியில் தேமல் இருந்தால் அதன் ஒவ்வொரு கரணையும் வைரஸைச் சுமந்துகொண்டுதான் புதுக்குழிக்குள் இறங்குகிறது. இங்கே வெள்ளை ஈ இரண்டாம் ஆள், முதல் ஆள் நாம். எந்த வழியில் வந்தது என்பதைத் தோட்டத்திலேயே கண்டுபிடிக்கலாம். நட்ட கரணை துளிர்த்து வரும் முதல் இலைகளே கோணலாக, வெளிர்மஞ்சள் திட்டுகளோடு வந்தால் நோய் கரணையில் இருந்திருக்கிறது. அடியிலிருக்கும் இலைகள் விரிந்து சுத்தமாக இருந்து, மேலே பிறகு வந்த இலைகளில் மட்டும் தேமல் தெரிந்தால் வெள்ளை ஈ கொண்டுவந்து வைத்திருக்கிறது. அடியிலைகள் உதிர்வதற்குள் ஒருமுறை வரிசை வரிசையாக நடந்து பாருங்கள். பெரும்பாலான செடிகள் முதல் வகையாக இருந்தால் வெள்ளை ஈக்கு மருந்து வாங்கும் பணத்தை மிச்சப்படுத்தி, சுத்தமான கரணைக்கோ திருவனந்தபுரம் கிழங்கு ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட ஸ்ரீ ரக்ஷா போன்ற எதிர்ப்புத்திறன் உள்ள ரகத்துக்கோ செலவிடுங்கள்.

மருந்து அடித்தும் பரவுவது ஏன் என்ற கேள்விக்கு இப்போது நீங்களே விடை சொல்லிவிடுவீர்கள். அசுவினி ஊசியில் எடுத்துச்செல்லும் வைரஸுக்குப் பூச்சிமருந்து பெரும்பாலும் வீண். மருந்து பட்டு அது சாகுமுன் குத்தி முடித்துவிடும். சில மருந்துகள் அதை நிலைகொள்ளாமல் அலையவைத்து, இன்னும் நாலு செடியைக் குத்த வைப்பதும் உண்டு. அங்கே உதவுவது வேலியோரத்தில் இரண்டு மூன்று வரிசை மக்காச்சோளம். பறந்து வரும் அசுவினி முதலில் அதில் இறங்கி நாலு முறை குத்தினால் ஊசி துடைக்கப்பட்டுவிடும். கனிம எண்ணெய்த் தெளிப்பும் உதவும். எண்ணெய் படிந்த இலையில் அசுவினி வழியாக வைரஸ் பரவுவது குறைகிறது என்பதைக் கனடாவில் பிராட்லி என்ற ஆய்வாளர் 1962-லேயே காட்டினார். வெள்ளை ஈ வழியாக வரும் இலைச்சுருட்டையில் கதை வேறு. பூச்சி நெடுநேரம் உட்கார்ந்து குடிக்க வேண்டும் என்பதால் ஊடுருவும் மருந்துக்கு வேலை இருக்கிறது. ஆனால் அது உங்கள் தோட்டத்துக்குள் செடிக்குச் செடி பரவுவதைத்தான் குறைக்கும். பக்கத்துத் தோட்டத்தில் அறுவடை முடிந்து பிடுங்காமல் விட்ட பழைய தக்காளிச் செடிகளிலிருந்து ஏற்கெனவே வைரஸோடு பறந்து வரும் ஈயைத் தடுக்காது. அதனால் நாற்றங்காலுக்கு 40 அல்லது 50 மெஷ் (ஓர் அங்குலத்துக்கு அத்தனை கண்கள்) நைலான் வலை கட்டுவதுதான் எந்தத் தெளிப்பையும்விடப் பெரிய காப்பு. குழித்தட்டு நாற்றை வெளியில் வாங்குகிறவர்கள் விலையைக் கேட்பதற்கு முன் வலையில் கிழிசல் இருக்கிறதா என்று பாருங்கள். நாற்றிலேயே நோய் வாங்கிய செடி காய்ப்பதில்லை. பூத்தபின் வாங்கிய செடி ஓரளவு காய்த்துவிடும். இலைப்பேனுக்குக் குஞ்சுப் பருவம்தான் குறி. வெள்ளைத்தாளைப் பிடித்துப் பூவையும் கொழுந்தையும் தட்டினால் விழுவது தெரியும். இது எந்த நோய் என்று தெரியாமல் எதற்கும் மருந்து வாங்காதீர்கள். சந்தேகம் இருந்தால் செடியோடு பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ பையூர் மண்டல ஆராய்ச்சி நிலையத்துக்கோ போய்க் காட்டிவிடுங்கள்.

தடுப்பூசி யோசனை பைத்தியக்காரத்தனம் அல்ல, செய்து பார்த்ததுதான். வீரியம் குறைந்த ரகத்தைச் செடிக்கு முன்கூட்டியே ஏற்றிவிட்டால், அதே வைரஸின் வீரிய ரகம் பின்னால் வந்து காலூன்ற முடியாமல் திணறும். பப்பாளி வளையப்புள்ளி வைரஸை 1980-களில் நைட்ரஸ் அமிலத்தால் மாற்றி ஒரு சாதுவான ரகத்தை உருவாக்கி, ஹவாயிலும் தைவானிலும் நாற்றுகளில் ஏற்றினார்கள். ஓரளவு பலன் இருந்தது, நோய்த் தாக்குதல் கடுமையான இடங்களில் போதவில்லை. ஹவாய் கடைசியில் 1998-ல் மரபணு மாற்றப் பப்பாளிக்குப் போய்விட்டது.

அத்தகைய ரகம் பூச்சியாலும் பரவாததாக இருந்தால் இன்னும் பாதுகாப்பு அல்லவா என்று தோன்றும். கொள்கையளவில் சரி: பக்கத்துப் பயிருக்குப் போகாது. ஆனால் ராதம்ஸ்டெட் சோதனையை நினைத்துப் பாருங்கள். துணைப்புரதம் பழுதான ரகம் பக்கத்துச் செடியின் துணைப்புரதத்தை இரவல் வாங்கிக்கொள்ளும். உறை பழுதான ரகமும் சும்மா இராது. ஒரே செடியில் பரவும் ரகமும் சேர்ந்துவிட்டால், பரவாததின் மரபுச்சரம் மற்றதின் உறைக்குள் புகுந்துகொண்டு அசுவினியில் ஏறிவிடும்; இதைப் பூசணிக் குடும்பப் பயிர்களின் வைரஸ்களில் கண்டிருக்கிறார்கள். கலப்பு நோய் நம் தோட்டங்களில் அரிதல்ல. தக்காளியும் மிளகாயும் அவரையும் கொள்ளும் அடுத்தடுத்துக் கிடக்கும் கிருஷ்ணகிரி மாவட்டத்தில், ஒரு பயிருக்குச் சாதுவான ரகம் இன்னொரு பயிருக்குச் சாதுவாக இருக்கும் என்றும் சொல்ல முடியாது. எனவே நோயுற்ற செடியின் சாற்றை எடுத்து நாற்றில் தேய்த்துப் பார்க்கலாமா என்று நீங்கள் கேட்டிருந்ததற்கு என் பதில்: வேண்டவே வேண்டாம். அந்தச் சாற்றில் எத்தனை வைரஸ்கள் இருக்கின்றன, எது எதற்குத் துணை போகும் என்பது ஆய்வகத்தில் பிரித்துப் பார்த்தால்தான் தெரியும்.